பேகம் ருகையா: ஐந்து மாணவியரோடு தொடங்கிய பள்ளி

 

கல்வி தேடுவது கடமை என்பதை மிம்பரில் நின்று கூறாத இமாம் எவரும் இலர். நானும் பல்லாண்டுகளாகக் கூறி வருகிறேன். ஆயினும், வயதுக்கு வந்துவிட்டாள் என்று ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும்போது, அவளுடைய அத்தாவிடம் சென்று ஒரு வார்த்தை பேசியவர் எங்களுள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நாணமே மிஞ்சுகிறது. அந்த நாணமே இம்மலருக்காக ஒரு வங்காளப் பெண்மணியின் வரலாற்றை எழுதத் தூண்டியது. வங்க மக்கள் ரொக்கேயா என்று உச்சரிக்கும் அவரது பெயரை நம் வழக்கப்படி ருகையா என்றே எழுதுகிறேன்.

இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் பகுதியில் பைராபந்த் என்றொரு கிராமம். அங்கே ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் 1880-ஆம் ஆண்டு பிறந்தவர் ருகையா. தந்தையார் அரபி, பார்ஸி அறிந்தவர். ஆண்மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பி ஆங்கிலக் கல்வி கற்பித்தார். பெண்மக்களுக்கோ குர்ஆன் ஓதுதலும் சிறிது உருதுவும் போதுமென்று நிறுத்திக்கொண்டார். ஐந்து வயது முதலே, ஆண்கள் ஒருபுறமிருக்க, வீட்டுக்கு வரும் அந்நியப் பெண்களின் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொள்ள வேண்டிய நிலை. இப்படியொரு கட்டளை நமது மார்க்கத்தின் எந்தக் கிதாபிலும் கிடையாது. குடும்பப் பெருமைக்காக மனிதர்கள் உண்டாக்கிக்கொண்டது.

ஆனால் அவ்வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். இப்ராஹீம் ஸாபிர் என்பது அவர் பெயர். தந்தை உறங்கிய பின்னர், நள்ளிரவில் மெழுகுவர்த்தி ஏற்றி, தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். வங்காள மொழியை மூத்த சகோதரி கரீமுன்னிஸா கற்பித்தார். பிற்காலத்தில் பல நூறு பெண்மக்கள் பயின்ற பள்ளியின் முதல் வகுப்பறை அந்த மெழுகுவர்த்தி வெளிச்சமே என்பேன். தாம் எழுதிய நாவலை அந்த அண்ணனுக்கே காணிக்கையாக்கினார் ருகையா.

அவரை மணந்தவர் பாகல்பூரைச் சேர்ந்த டெபுடி மாஜிஸ்திரேட் ஸையித் ஸகாவத் ஹுஸைன். வயதில் மிக மூத்தவர். முதல் மனைவியை இழந்தவர். எனினும் இளம் மனைவியின் அறிவுத் தாகத்தை அணைக்காமல் வளர்த்த பெருந்தகை. ருகையா ஆங்கிலத்தில் எழுதிய சுல்தானாவின் கனவு என்னும் கதை 1905-இல் வெளிவந்தது. வெளியிட்டது எவ்வூர்ப் பத்திரிகை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி: நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த தி இந்தியன் லேடீஸ் மேகஸின்! கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் ஆளுகிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினும், அந்நாட்டின் மாற்றம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசி முதலில் படை திரட்டவில்லை. பெண்களுக்குப் பள்ளிகளைத் திறக்கிறாள். இருபத்தொரு வயதுக்கு முன் திருமணம் கூடாதென ஆணையிடுகிறாள். பின்னர் பகைவர் படையெடுத்து வருகையில், சூரிய வெப்பத்தைக் கொண்டே அவர்களை விரட்டுபவர் பல்கலைக்கழகத்தின் தலைவி.

கனவு காண்பது எளிது. வாழ்வில் வந்தவையோ அடுக்கடுக்கான துயரங்கள். பிறந்த இரு குழந்தைகளும் மழலையிலேயே மறைந்தனர். கணவர் நீரிழிவு நோயால் பார்வையிழந்து, 1909 மே மாதம் வஃபாத்தானார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கிச் சென்றிருந்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி, கணவர் பெயரிலேயே பாகல்பூரில் பள்ளியைத் தொடங்கினார் ருகையா. மாணவியர் ஐவர்! குடும்பத்துச் சொத்துப் பிணக்கால் அவ்வூரையும் விட்டு வெளியேற நேர்ந்தது. 1911 மார்ச் 16-இல் கல்கத்தாவின் வலியுல்லாஹ் லேனில் ஒரு வீட்டில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார்.

தாம் ஒரு நாளும் பள்ளிக்கூடம் சென்றறியாதவர் பள்ளி நடத்துவது எங்ஙனம்? வெட்கப்படாமல் பிற சமயத்தார் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று, அங்கே நடப்பவற்றை உற்றுநோக்கிக் கற்றார். கல்கத்தாவில் முஸ்லிம் ஆசிரியைகள் கிடைக்காமையால் கயா, ஆக்ரா மட்டுமன்றிச் சென்னையிலிருந்தும் ஆசிரியைகளை வரவழைத்தார். வீடு வீடாகச் சென்று, பெண்மக்களை அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடினார். 1915-இல் மாணவியர் எண்ணிக்கை 84 ஆயிற்று.

பர்தாவுடன் அழைத்து வந்தாலன்றி எந்தப் பெற்றோரும் அனுப்பமாட்டார்கள். எனவே மாணவியருக்கென்று முற்றிலும் மூடப்பட்ட மோட்டார் வண்டி ஒன்று ஏற்பாடாயிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத அந்த வண்டிக்குள் சிறுமியர் அஞ்சி அழுதனர். சிலர் வாந்தியெடுத்தனர், சிலர் மயங்கி விழுந்தனர். அதைக் கண்டு பொறாத ருகையா அடைப்பைத் திறந்து திரைச்சீலை தொங்கவிட்டார். அன்று மாலையே நான்கு கடிதங்கள் வந்து சேர்ந்தன. காற்றில் திரை அசைகிறது, பர்தா போயிற்று, சரிசெய்யாவிடில் பத்திரிகைகளில் எழுதுவோம், பிள்ளைகளை வரவிடாமல் தடுப்போம் என்பதே அவற்றின் சாரம். மார்க்கச் சகோதரர் என்று ஒப்பமிட்டிருந்தார் ஒருவர். இருவருக்கோ தம் பெயரைப் போடத் துணிவில்லை. மயங்கி விழுந்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அக்கடிதங்களில் ஒரு வரியும் இல்லை. இதைப் படித்தபோது, அக்கடிதங்களை எழுதியவர்களுள் என்னைப் போன்ற ஓதிப்படித்த ஆலிம் எவரும் இருந்திருக்கக் கூடாதே என்று என் மனம் வேண்டிக்கொண்டது.

இத்தனைக்கும் அவர் பர்தாவை எதிர்த்தவர் அல்லர். தாமே புர்கா அணிந்தார். அதனை ஆதரித்துக் கட்டுரையும் எழுதினார். மார்க்கம் கூறும் பர்தா வேறு, பெண்ணை இருளில் பூட்டிவைப்பது வேறு என்பதே அவரது வாதம். அவருடைய தொடக்ககால எழுத்துகளில் சில இடங்களில் சினம் எல்லை கடந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. வேத நூல்களைப் பற்றி எழுதிய சில பகுதிகளை நூலாக்கும்போது அவரே நீக்கிவிட்டார். அவற்றை நானும் ஏற்கவில்லை. அதற்காக அவரது பணியை ஒதுக்கிவிடுவது நீதியாகாது.

கல்வியென்பது பிற சமூகத்தாரைப் பார்த்து நகலெடுப்பதன்று. தேர்வில் தேறிப் பட்டம் பெறுவது மட்டுமே கல்வியாகிவிடாது. இறைவன் வழங்கிய கை, கண், செவி, சிந்தனை ஆகியவற்றைப் பயிற்சியால் வளர்ப்பதே கல்வி என்பது அவரது கொள்கை. அதற்கு அவர் காட்டிய உவமை சேறு. கல்லாதவர் கண்ணுக்கு அது வெறும் அழுக்கு. கற்றவர் அதற்குள் மணலையும் களிமண்ணையும் கரியையும் நீரையும் பிரித்தறிந்து, அவற்றில் மணிக்கற்களையும் வைரத்தையும் காண்பார். இக்கொள்கைப்படியே பாடத்திட்டமும் அமைந்தது. குர்ஆனை ஓதுவதோடு பொருளும் கற்பிக்கப்பட்டது. (நமது மக்தபுகளில் பொருள் எட்டாக்கனியாகவே இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமலிருக்க இயலவில்லை.) அத்துடன் உருது, பார்ஸி, ஆங்கிலம், வங்காளம், தையல், சமையல், முதலுதவி, நோயாளிப் பராமரிப்பு, உடற்பயிற்சி ஆகியனவும் இருந்தன.

பள்ளியின் நான்கு சுவர்களோடு அவர் நின்றுவிடவில்லை. 1916-இல் அஞ்சுமனே கவாதீனே இஸ்லாம் என்ற பெண்கள் சங்கத்தை நிறுவி, ஆதரவற்ற விதவைகளுக்கு உதவினார். சேரிப் பெண்களுக்கு எழுத்தறிவித்தார். கல்கத்தாவில் முஸ்லிம் ஆசிரியைகளுக்கென அரசின் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது 1919-இல்தான். ஐவரோடு தொடங்கிய அவரது பள்ளி 1931-இல் உயர்நிலைப் பள்ளியாயிற்று.

1932 டிசம்பர் 9-ஆம் நாள் அதிகாலையில் அவர் வஃபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். முந்தைய இரவு வரை எழுதிக்கொண்டிருந்த கட்டுரை மேசை மீது முற்றுப்பெறாமல் கிடந்தது. பெண்களின் உரிமை பற்றியது அது. கல்கத்தாவை அடுத்த சோதேபூரில் நல்லடக்கம் செய்யப்பட்டார். ஸகாவத் நினைவுப் பள்ளி இன்று அரசுப் பள்ளியாகக் கல்கத்தாவில் நடைபெற்று வருகிறது. சோதேபூரில் அவரை அடக்கம் செய்த இடமும் பிற்காலத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் வளாகத்திற்குள் அமைந்துவிட்டது.