விசிறியில் பெயர் பொறித்த கர்னல்

பிர்லா மந்திரின் விளக்கு அலங்காரத்தைக் கண்டுவிட்டு மந்திர் மார்க் வழியே அறைக்குத் திரும்பும் நம்மவர் பலரின் தலைக்கு மேல் சுழலும் விசிறியில் கிராம்ப்டன் என்ற பெயர் இருக்கும். அது ஒரு மனிதரின் பெயர்.

1845-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்தவர் ருக்ஸ் ஈவ்லின் பெல் கிராம்ப்டன். பள்ளி விடுமுறையில் நீராவி வண்டி செய்யத் தொடங்கிய பிள்ளை. ராணுவ அதிகாரியாக 1864-இல் இந்தியா வந்தார். மாட்டு வண்டிக்குப் பதிலாக நீராவி இழுக்கும் வண்டித் தொடரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் ஓட்டிக் காட்டினார். அது நிலைக்கவில்லை. 1875-இல் ஊர் திரும்பினார்.

இரும்பாலையில் இரவு வேலைக்கு வெளிச்சம் தேடப் போய்த்தான் அவர் மின்சாரத்துக்கு வந்து சேர்ந்தார். 1878-இல் செம்ஸ்ஃபோர்டில் சொந்தக் கம்பெனி தொடங்கியது.

நாலே ஆண்டில் சட்டம் குறுக்கே வந்தது. மின் கம்பெனி எதுவானாலும் 21 ஆண்டுகளுக்குப் பின் நகரசபை அதைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். அன்றைக்கு யந்திரங்கள் பெறும் மதிப்பைக் கொடுத்தால் போதும் என்றது 1882-ஆம் ஆண்டுச் சட்டம். இப்படி இருந்தால் யார் முதல் போடுவார்கள்? பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். கிராம்ப்டன் ஒதுங்கவில்லை. லண்டனில் கென்சிங்டன் கோர்ட் என்ற புதிய குடியிருப்பில் வீடுகளை ஒட்டி நிலத்தடிப் பாதைகள் இருந்தன. பொதுத் தெருவைத் தோண்டவே வேண்டாம்! 1886-இல் அங்கே கம்பெனி அமைத்து, அந்தப் பாதைகளில் செப்புப் பட்டைகளை ஓடவிட்டு, வீடுகளுக்கு விளக்கு கொடுத்தார். யந்திரம் ஓய்ந்த நேரத்துக்குப் பாட்டரிகள் கைகொடுத்தன. 1888-இல் சட்டமும் இறங்கி வந்தது. 21 ஆண்டு 42 ஆயிற்று.

அவர் கொடுத்தது நேர் மின்சாரம். குறைந்த அழுத்தத்தில் அது வெகு தூரம் போகாது; ஆகவே பேட்டைக்கு ஒரு மின் நிலையம் வேண்டும். ஃபெரான்டி என்ற இளைஞரோ ஊருக்கு வெளியே டெட்ஃபோர்டில் பெரிய நிலையம் கட்டி, 10,000 வோல்ட் மாறு மின்சாரத்தை லண்டனுக்குள் அனுப்ப முனைந்தார். கிராம்ப்டன் பகிரங்கமாக எதிர்த்தார். முடிவில் வென்றது ஃபெரான்டியின் வழிதான். ஆனால் டெட்ஃபோர்டு பல காலம் தட்டுத் தடுமாறியபோது, கிராம்ப்டனின் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

கல்கத்தாவிலும் நேர் மின்சாரமே முதலில் வந்தது. 1899 ஏப்ரல் 17-இல் இமாம்பாக் சந்தில் நிலையம் ஓடத் தொடங்கியது. யூனிட் ஒரு ரூபாய். அன்றைய குமாஸ்தா வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத விலை. ஆபீஸ்களில் பங்கா இழுத்தவர்களின் பிழைப்பில் மண் விழுந்ததும் அதற்குப் பின்தான். டில்லிக்கு ஜான் ஃபிளெமிங் கம்பெனியின் டீசல் நிலையம் 1905-இல் வந்தது.

நாட்டுக்கு நாடு மின் அளவைகளும் கருவிகளும் வேறுபட்ட குழப்பத்தைத் தீர்க்க 1906-இல் சர்வதேச மின் தொழில்நுட்பக் கமிஷன் அமைந்தது. கௌரவக் காரியதரிசி கிராம்ப்டனே. 1927-இல் அவர் கம்பெனி பார்க்கின்சனுடன் இணைந்தது.

பிர்லா மந்திரைக் காந்தியடிகள் திறந்து வைத்த 1939-இல் அவர் உயிரோடு இருந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில், பிறந்த யார்க்ஷயரிலேயே காலமானார். வயது 94.