யோபுவின் கதை கேட்ட தேவசகாயம்



நம் வீடுகள் தோறும் பைபிள் இருக்கிறது. திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே, மாடத்தில், வெள்ளைத் துணி விரித்து அதை மரியாதையாக வைத்திருக்கிறோம். வீடு மந்திரிக்கக் குருவானவர் வரும் நாளில் எடுத்துத் தூசி தட்டுகிறோம். அவர் போனபின் மீண்டும் மாடத்திலேயே வைத்துவிடுகிறோம். ஆபிரகாம் காலத்துக் கதைக்கும் நம் அன்றாடப் பாடுகளுக்கும் என்ன தொடர்பு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு.

இந்த யூபிலி மலரில் நாம் சொல்ல விழைவது, விவிலியக் கதை ஒன்றைக் கேட்டு, அக்கதையைத் தம் உயிராலேயே மீண்டும் எழுதிய ஒரு மனிதரின் வரலாறு. அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு குடும்பம் நடத்தி, அரசாங்க உத்தியோகம் பார்த்து, நம்மைப் போலவே நல்லதும் கெட்டதும் கண்ட இல்லறத்தார். அவரே மறைசாட்சி புனித தேவசகாயம்.

நட்டாலத்து நீலகண்டன்

அந்நாளைய திருவிதாங்கூர் நாட்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலம் என்னும் ஊரில், 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். செல்வாக்குள்ள நாயர் குடும்பம். கல்வியும் போர்ப் பயிற்சியும் குறைவின்றிக் கிடைத்தன. மன்னர் மார்த்தாண்டவர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராகி, நீலகண்டசுவாமி கோயிலின் பொறுப்பையும் ஏற்றார். பார்கவி அம்மாள் என்னும் பெண்ணை மணந்து நல்வாழ்வு வாழ்ந்துவந்தார்.

அக்காலத்தில் அரண்மனைச் சேவையில் ஓர் அந்நியர் இருந்தார். 1741-ம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக் கம்பெனியின் படை மன்னரிடம் தோற்றபோது கைதியாகப் பிடிபட்ட தளபதி அவர். பெயர் பெனடிக்ட் தே லனாய், கத்தோலிக்கர். அவரது திறமையைக் கண்ட மன்னர், தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். பத்மநாபபுரத்தை அடுத்த உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது. இவருக்கும் நீலகண்டனுக்கும் நெருங்கிய நட்பு உண்டாயிற்று.

துன்ப வேளையில் ஒரு கதை

காலம் மாறியது. நீலகண்டனின் கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் கெட்டது, சொத்துக்கு மேல் சொத்தாகக் கைவிட்டுப் போயிற்று என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வாடிய முகத்தோடு வந்த நண்பருக்குத் தே லனாய் சொன்ன ஆறுதல் என்ன? பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு கதையைச் சொன்னார். அதுதான் யோபுவின் கதை.

யோபு நேர்மையாளர். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள், 7 மகன்கள், 3 மகள்கள் என்று நிறைவோடு வாழ்ந்தவர். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தார். ஆயினும் கடவுளைப் பழிக்கவில்லை. தீயவனுக்குத் துன்பம், நல்லவனுக்கு இன்பம் என்று கணக்குப் பார்த்துப் பழகிய நீலகண்டனின் மனத்தை இக்கதை உலுக்கியது. குற்றமற்றவனும் துன்புறக்கூடும், துன்பம் வந்ததாலேயே கடவுள் கைவிட்டார் என்று ஆகாது என்ற உண்மை அவருக்குப் புது வெளிச்சமாயிற்று.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதையைச் சொன்னவர் யார்? நாட்டை இழந்து, பதவியை இழந்து, அந்நிய மண்ணில் கைதியாய் நின்றவர். இழந்தவன் இழந்தவனுக்குச் சொன்ன கதை அது. அதனாலேயே அது உள்ளத்தில் தைத்தது.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் நடந்த ஒன்றை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வளர்ந்த மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தையைப் பார்க்கப் போனோம். குருமடத்தில் படித்ததையெல்லாம் திரட்டி, துன்பத்தின் காரணங்களை அரை மணி நேரம் விளக்கினோம். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிரவு யோபு ஆகமத்தைத் திறந்தபோதுதான் நம் தவறு நமக்கு விளங்கியது. யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து மௌனமாயிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் யோபுவுக்குப் பாரமானார்கள். துக்க வீட்டுக்குப் போகும் நாம் எல்லாரும் நினைவில் வைக்கவேண்டிய பாடம் இது.

லாசரின் பெயர்

கதையோடு நீலகண்டன் நிற்கவில்லை. விசுவாசத்தைக் கற்றறிந்து, 1745-ம் ஆண்டு மே மாதம், வடக்கன்குளத்தில், பரஞ்சோதி நாதர் என்று தமிழில் அழைக்கப்பட்ட சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு இடப்பட்ட பெயர் லாசர். கடவுளே என் துணை என்பது அதன் பொருள். அதையே நம் மொழியில் தேவசகாயம் என்றார்கள். முதலில் தயங்கிய அவருடைய மனைவியும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று, ஞானப்பூ என்னும் பெயர் ஏற்றார். யோபுவின் மனைவி, கடவுளைப் பழித்துவிட்டுச் சாகும்படி கணவனிடம் சொன்னாள். ஞானப்பூ அம்மாளோ கணவர் ஏற்ற விசுவாசத்தைத் தாமும் ஏற்று, வரவிருந்த துன்பத்தில் பங்காளியானார்.

நற்செய்தியில் வரும் ஏழை லாசர், செல்வனின் வாசலில் புண்களோடு கிடந்தவன். அந்தப் பெயரைத் தாங்கியவர் ஏழையை வாசலில் நிறுத்தி வைக்கவில்லை. தீண்டாமை கொடிகட்டிப் பறந்த அந்நாளில், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு தேவசகாயம் சமமாய்ப் பழகினார். மக்கள் அனைவரும் சமம் என்று எடுத்துரைத்தார். மேல்தட்டினரின் பகைக்கு இது பெருங்காரணமாயிற்று. இராஜத் துரோகம் என்ற குற்றம் சுமத்தப்பட்டு, 1749-ல் அவர் கைது செய்யப்பட்டார்.

மூன்று ஆண்டுகள்

அடுத்த மூன்று ஆண்டுகளை எழுதக் கை நடுங்குகிறது. உத்தியோகம் போயிற்று, மானம் போயிற்று. எருமையின் மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராய் ஊர்வலம் நடத்தினார்கள். நாள்தோறும் அடித்து, அந்தப் புண்களில் மிளகாய்ப் பொடி தேய்த்து, வெயிலில் நிறுத்தினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துடித்தபோது, அவர் செபித்துத் தம் முழங்கையால் பாறையை இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது மக்கள் மரபு. முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். மோயீசன் கோலால் அடித்த பாறை நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

பெருவிளையில் வேப்ப மரத்தில் அவரைக் கட்டி வைத்தார்கள். ஊரார் அஞ்சி விலகுவதற்குப் பதிலாக அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். இறுதியில் 1752-ம் ஆண்டு சனவரி 14-ம் நாள் இரவு, ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 39. உடலைக் காட்டில் எறிந்தார்கள். விசுவாசிகள் எஞ்சியதைச் சேகரித்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

260 ஆண்டுகள் சென்றபின், 2012 டிசம்பர் 2-ம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. 2022 மே 15-ம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. அந்த அறிவிப்பில் அவர் பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை.

கதையின் முடிவு எங்கே?

இனி, நம்மை உறுத்தும் ஒரு கேள்வி. யோபுவின் கதை முடிவில் 14,000 ஆடுகளும் 6,000 ஒட்டகங்களும் இரு மடங்காய்த் திரும்பி வந்தன. தேவசகாயத்துக்கு என்ன திரும்பி வந்தது? இவ்வுலகில் ஒன்றும் இல்லை. அப்படியானால் அவர் கேட்ட கதை பொய்யா?

இல்லை. நாம்தாம் அக்கதையைத் தவறாக வாசிக்கிறோம். நவநாள் செய்தால் கடன் தீரும், நேர்ச்சை போட்டால் வியாபாரம் பெருகும் என்று இரு மடங்கையே பார்க்கிறோம். யோபு ஆண்டவரைக் கண்டு மனம் அமைந்தது ஆடுகள் திரும்பி வந்த பின்பு அல்ல. சாம்பலில் உட்கார்ந்திருந்த அந்த நிலையிலேயே. மேலும், தம்மைக் குற்றம் சாட்டிய நண்பர்களுக்காக யோபு மன்றாடியபோதுதான் அவருடைய நிலை மாறியது என்று திருமறை கூறுகிறது. தேவசகாயம் பெற்றுக்கொண்டது இந்த முதல் செல்வத்தை. அது கிடைத்தவனுக்கு இரண்டாவது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அன்பார்ந்தவர்களே, யூபிலி என்ற சொல்லே விவிலியச் சொல். கடனை மன்னித்து, அடிமையை விடுவித்து, இழந்த நிலத்தை உரியவனிடம் சேர்க்கும் ஆண்டு அது. கொடியும் தேரும் வாணவேடிக்கையும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேசாதிருக்கும் வீடுகள் நம் பங்கில் இல்லையா? சாதி பார்த்துத் துக்க வீட்டுக்குப் போகாதவர்கள் நம்மிடையே இல்லையா? தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதியைப் பிரிக்கும் சுவர் எழுந்தது. 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. கல் சுவரை ஒரு நாளில் இடிக்கலாம். மனச்சுவரை இடிக்க, யோபு செய்ததுபோல் எதிரிக்காக மன்றாடத் தெரிய வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. மாடத்தில் இருக்கும் விவிலியத்தைக் கீழே இறக்குங்கள். இரவுச் செபமாலை முடிந்ததும் ஒரு கதையை வாசியுங்கள். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். அக்கம்பக்கத்தில் துன்பப்படும் ஒருவர் இருந்தால், அவரோடு முதலில் தரையில் உட்காருங்கள். நேரம் வரும்போது கதையைச் சொல்லுங்கள். தே லனாய் சொன்னது ஒரே ஒரு கதை. அதைக் கேட்டவர் இன்று பீடத்தில் நின்று நமக்காக மன்றாடுகிறார்.

புனித தேவசகாயமே, எங்கள் பங்குக்காக வேண்டிக்கொள்ளும்.