நாலு வருஷம் எதுக்கு என்று கேட்ட பிரின்சிபால்

அவினாசி ரோட்டு மேம்பாலத்துல ஒரு தடவையாவது போயிருப்பீங்க. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர். 2025 அக்டோபர் 9-ம் தேதி அதைத் திறந்து, ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். வைத்த உடனே சண்டை. தெருப் பெயர்களில் இருக்கும் சாதியை எடுக்கணும் என்று சொல்கிற அரசே பாலத்துக்கு மட்டும் ஏன் ‘நாயுடு’ போடுது என்று ஒரு பக்கம். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டுச்சு, வேற எப்படி எழுதறது என்று இன்னொரு பக்கம். நம்ம கேன்டீனிலும் டீ ஆறிப்போகிற அளவுக்கு ஓடியது. நானும் சேர்ந்து கத்தினேன்.

நடுவுல ஒரு ஜூனியர் பொண்ணு மெதுவா கேட்டுச்சு: அண்ணா, அவரு அப்படி என்னதான் பண்ணாரு? டேபிளே அமைதி. விஞ்ஞானி என்றான் ஒருத்தன். இந்தியாவின் எடிசன் என்றான் இன்னொருத்தன். அதோட சரி. மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற எனக்கும் அதுக்கு மேல ஒரு வரி வரல. அந்த வெட்கத்துல தேடிப் படிச்சதுதான் இது. என் தமிழ் இங்கிலீஷ் மீடியம் தமிழ், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

நான் கணபதிக்காரன். டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் இறங்கி நடந்தால் எங்க வீடு. சின்ன வயசுல டெக்ஸ்டூல் என்றால் பஸ் ஸ்டாப்போட பேரு என்றுதான் நினைச்சுட்டு இருந்தேன். அது ஒரு கம்பெனி, ஆரம்பித்தவர் டி. பாலசுந்தரம். அதுக்கு முன்னாடி, 1937-ல், பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் தொழிற்சாலையில் அவர் உருவாக்கிய மின்மோட்டாரைத்தான் இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று சொல்கிறார்கள். இன்றைக்கு கணபதியில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் சத்தமும் வைண்டிங் கடை வார்னிஷ் வாசமும் வருதே, அதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கு. எங்க மாமா கடையும் அப்படி ஒரு வைண்டிங் கடைதான்.

இனி ஆளுக்கு வருவோம். 1893 மார்ச் 23, சூலூர் பக்கம் கலங்கல் கிராமம், விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஆகவே இல்லை. வாத்தியார் மேல மண்ணை வாரி வீசிட்டு ஓடினதாக ஒரு கதை ஊரில் உண்டு. மூணாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதுக்கப்புறம் வயல், சேட்டை, கையில் கிடைக்கிற புத்தகம்.

அப்புறம் ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானா ஓடுது. நீங்களும் நானும் அதைப் பார்த்தா ஒரு செல்ஃபி எடுத்திருப்போம். அவர் ஊரை விட்டுக் கோயமுத்தூர் வந்து, ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சாப்பாடு கிடைக்கும், கூலி மிச்சம் ஆகும், அதுதான் கணக்கு. வருஷக் கணக்கில் காசு சேர்த்து, அதே மாதிரி ஒரு வண்டியை வாங்கினார். விலை 300 ரூபாய் என்பார்கள். வாங்கினதும் ஊர் சுத்தப் போகல. மொத்தமா கழட்டினார். திருப்பி மாட்டினார். மறுபடியும் கழட்டினார்.

இந்த இடத்தில் உங்க பாக்கெட்டில் இருக்கிற போனை ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அதைக் கழட்ட முடியுமா? பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கான். ஸ்க்ரூவுக்கு அவன் மட்டும் வச்சிருக்கிற ஸ்க்ரூடிரைவர். பிரிச்சா வாரண்டி போச்சு. உள்ளே ஓடுற சாஃப்ட்வேரைப் பார்க்கவே முடியாது. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு தளம் தொடங்கியது. சரி, நல்ல விஷயம். ஆனா வீட்டில் மூணாவது படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் இன்றைக்கு ஒரு போனை வாங்கி, கழட்டி, மாட்டி, மெக்கானிக் ஆக முடியுமா என்று யோசிங்க. அவருக்குத் திறந்த கதவு அந்த வண்டியின் நட்டு போல்ட்தான். நம்ம ஆளுங்க ஓப்பன் சோர்ஸ் என்று பேசினா, அது ஏதோ கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் விவகாரம் என்று மெக்கானிக்கல்காரங்க எழுந்து போயிடறோம். இது நம்ம விவகாரம்தான்.

நடுவில் பருத்தி வியாபாரம் பண்ணினார். முதல் உலகப் போர் காலத்தில் நல்ல காசு, பம்பாய்க்குப் போய் எல்லாத்தையும் தொலைத்தார். திரும்பி வந்து கோவையில் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ஓடிய அந்த பஸ்ஸுக்கு அவரேதான் டிரைவர். அது வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆயிற்று. 1930-களில் ஐரோப்பா போனார். ஜெர்மனிக்காரங்களோட சேர்ந்து ‘ரேசன்ட்’ என்ற எலெக்ட்ரிக் ரேசர் கொண்டுவந்தார். மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன் என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்றார். பத்தடி உயரத்துக்குப் பருத்திச் செடியும் வளர்த்தார்.

ஜெர்மனியில் ஹிட்லரைப் படம் எடுத்தார் என்பதைச் சில பேர் பெரிய பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமை எதுவும் தெரியவில்லை. காந்தியையும் நேருவையும் எடுத்த அதே கேமராதான். கேமராவுக்கு அரசியல் இல்லை என்று சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா அவர் வாழ்க்கையில் மெஷினும் அரசியலும் தனித்தனியா இருந்ததே இல்லை.

தேர்தலையே எடுத்துக்குங்க. மாகாணத் தேர்தலில் நின்றார், தோற்றார். யாரும் முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு மெஷின் ஒன்றையும் செய்தார். இன்றைக்கு நாம் ஈ.வி.எம். பற்றி அடிச்சுக்கிறோம் இல்லையா, அந்தக் கேள்வியை அவர் எப்பவோ ஒரு மெஷினாகப் போட்டுப் பார்த்திருக்கார். பிறகு நாடு அந்த வழிக்கு வந்தது 1982-ல். கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மெஷின் வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-ல் அந்த ஓட்டுகள் செல்லாது என்று தீர்ப்பு. மெஷின் ரிப்பேர் என்பதால் இல்லை, அப்படி ஒரு மெஷினில் ஓட்டுப்போட அன்றைய சட்டத்தில் இடமே இல்லை என்பதால். சட்டத்தைத் திருத்தி, 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடு முழுக்க மெஷின் வந்தது. சர்க்யூட் சரியா இருந்தா போதாது, அந்த சர்க்யூட்டுக்கு ஒரு சட்டப் பிரிவும் வேணும். இது நம்ம சிலபஸில் எந்த யூனிட்டிலும் இல்லை.

இப்போ நமக்கு நேரா வலிக்கிற இடத்துக்கு வரேன். ஹோப்ஸ் ஸ்டாப்பை யோசிங்க. ஹோப் காலேஜ் என்று பஸ்ஸில் கத்துவாங்க, இறங்கினா அந்தப் பேரில் காலேஜ் இருக்காது. ஆர்தர் ஹோப் என்பவர் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர். 1945-ல் அவர் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. நன்கொடை நாயுடுவுடையது. அந்தக் கல்லூரிதான் பிற்பாடு தடாகம் ரோட்டில் இருக்கிற ஜி.சி.டி. ஆயிற்று. மூணாம் வகுப்பு படித்தவர் பிரின்சிபால் ஆனார். உட்கார்ந்ததும் அவர் கேட்டது, இதுக்கு எதுக்கு நாலு வருஷம், பசங்க காலம் வீணாகுது, ரெண்டு வருஷம் தாராளம் என்று. பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கலை. அவர் பதவியை விட்டு வெளியே வந்துட்டார்.

இதைப் படிச்சப்ப ஹாஸ்டல் ரூமில் எழுந்து நின்னு கை தட்டணும் போல இருந்தது. ரெக்கார்டு நோட்டில் அதே படத்தை மூணு செமஸ்டர் வரைஞ்சவன் நான். இன்ஜினைப் பிரிக்கிற லேப் ஒன்று உண்டு. அறுபது பேர் சுத்தி நிப்போம், ஒருத்தர் பிரிப்பார், நாங்க அவர் முதுகைப் பார்த்துட்டு வருவோம். மாமா கடையில் ஒரு லீவுக்கு உட்கார்ந்து பழைய மோட்டாரில் கருகின கம்பியை உருவி, சுத்து எண்ணி, புதுக் கம்பி சுத்தினேன். மூணு ஃபேஸ் எனக்கு விளங்கினது அந்தப் பத்து நாளில்தான்.

ஆனா ரெண்டு நாள் கழிச்சு என் ரூம்மேட் ஒரு கேள்வி கேட்டான். அவன் வீட்டில் முதல் முதலா காலேஜ் வந்தவன் அவன்தான். டேய், உனக்கு மாமா கடை இருக்கு, எனக்கு யாருடா மோட்டார் கொடுப்பா? அவனுக்கு முதல் வருஷம் இங்கிலீஷ் புரியவே போச்சு. ரெண்டாம் வருஷம் அரியர் கிளியர் பண்ணவே போச்சு. மூணாம் வருஷம்தான் தலை நிமிர்ந்தான், இப்போ எங்க ப்ராஜெக்ட்டில் கன்ட்ரோலர் கோடு முழுக்க அவன் எழுதினது. ரெண்டு வருஷத்தில் வெளியே அனுப்பியிருந்தா அவன் ஃபெயிலான பையனாகவே ஊருக்குப் போயிருப்பான். சொந்தக் காசில் வண்டி வாங்கிக் கழட்டின ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் தாராளம்தான். வண்டியே பார்க்காதவனுக்கு? நாயுடு சொன்னதில் பாதி சரி என்றுதான் இப்போ நினைக்கிறேன். எந்தப் பாதி என்று ரூம்மேட்டும் நானும் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்கோம்.

கார் கதை தெரிஞ்சிருக்கும். 1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய் என்று கணக்குப் போட்டார். அரசு உரிமம் தரவில்லை, கார் நின்று போனது. அந்த வருஷம் மே மாதம்தான் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. யார் எதை, எவ்வளவு செய்யலாம் என்று டெல்லி முடிவு பண்ணும் காலம். சாமானியனுக்கு ஒரு கார் என்ற பேச்சு நானோ வழியாகத் திரும்ப வர 2009 ஆச்சு. அந்தக் காரும் சிங்கூரில் நிலப் பிரச்சினையில் மாட்டி, குஜராத்துக்குப் போய்த்தான் பிழைச்சது.

வரியும் அவரைக் கடுப்பேற்றியது. சம்பாதிக்கிறதை எல்லாம் வரியாகக் கொண்டுபோனா எதுக்குக் கண்டுபிடிக்கணும் என்ற கோபம். 1950-களில் ஒரு நாள் தான் செய்த ரேடியோக்களையும் கருவிகளையும் மக்கள் முன்னாடி வைத்து உடைத்தார். போராட்டமாம்.

இதை வீரம் என்று எழுதறவங்க நிறைய. எனக்கு அப்படித் தோணலை. கோபம் நியாயம். ஆனா அந்த ரேடியோ உடைஞ்சதில் வரி ஆபீசருக்கு என்ன நஷ்டம்? கலங்கலில் ஒரு டீக்கடையில் அது பாடியிருக்கும். காலேஜில் ஒத்துக்கலையா, ராஜினாமா. வரி அதிகமா, உடை. ஒவ்வொரு தடவையும் அவர் தனி ஆள். பஸ் ஓட்டின நூத்துக்கணக்கான பேர், மோட்டார் செய்த மெக்கானிக்குகள், காலேஜில் படித்த பசங்க என்று இவ்வளவு பேர் பக்கத்தில் இருந்தும், ஒரு கையெழுத்து இயக்கமாவது நடத்தியிருக்கலாமே என்று எனக்குத் தோணுது. மெஷினை எத்தனை பாகமா வேணாலும் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவருக்கு, அரசை அப்படிப் பிரிச்சுப் பார்க்கப் பொறுமை இருக்கலை. நம்ம கேன்டீனில் நான் அரசியல் பேச மாட்டேன், வெறும் டெக் மட்டும்தான் என்று சொல்றவனுக்கும் அந்தப் பொறுமை இல்லைதான். அவராவது கோபப்பட்டார்.

1944-லேயே மோட்டார் தொழிலிலிருந்து ஒதுங்கிட்டார். பிறகு சொல்லித் தருவதிலும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதிலும் காலம் போனது. 1967-ல் தொழிற்கண்காட்சி ஒன்றை அமைத்தார். 1974 ஜனவரி 4-ல் இறந்தார்.

போன வாரம் எனக்கு ப்ளேஸ்மென்ட் ஆர்டர் வந்தது. சாஃப்ட்வேர் வேலை, ஊர் பெங்களூரு. வீட்டில் சந்தோஷம். மாமாகிட்ட சொல்லப் போனேன். நல்லதுங்க கண்ணு என்றார், தலையை நிமிர்த்தாமலே. கையில் ஒரு போர்வெல் மோட்டார் பாதி பிரிச்சபடி. ஜூன்தானே சேரணும், அதுவரைக்கும் சும்மாதானே இருப்ப, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு என்றார். உட்கார்ந்தேன். 36 ஸ்லாட். முதல் கம்பியை உருவ ஆரம்பிச்சிருக்கேன்.