நெய்யாடுபாக்கம் தந்த கல்வியாளர்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெய்யாடுபாக்கம் என்றொரு சிற்றூர் உண்டு. நம்மில் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கமாட்டோம். நாள்தோறும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைப் பேருந்துகளில் வந்து இறங்குவோரில் எத்தனை பேர் அவ்வூர் வழியாகப் போயிருப்பார்களோ! நாம் இன்று பள்ளியில் இயல்பாகக் காணும் பல நன்மைகள், அந்த ஊரில் பிறந்த ஒருவரின் மேசையில் கோப்புகளாக இருந்து உயிர் பெற்றவை. அவர்தாம் நெ. து. சுந்தரவடிவேலு. பெயரின் முன்னால் நிற்கும் 'நெ' என்னும் எழுத்து நெய்யாடுபாக்கத்தைக் குறிக்கும்; 'து' தந்தையார் துரைசாமியைக் குறிக்கும்.

1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அவர் பிறந்தார். காஞ்சிபுரத்தில் கிறித்தவ மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். கிராமத்துப் பிள்ளை பட்டணம் சென்று எம்.ஏ. படிப்பது அந்நாளில் எளிதான காரியமா? முதலில் பஞ்சாயத்து அலுவலராகச் சிறிது காலம் பணிபுரிந்தார். அதன்பின் கல்வித்துறையில் சேர்ந்தார். பள்ளிகளைப் பார்வையிடும் வேலை அவரை ஊர் ஊராகச் சுற்றவைத்தது. ஒழுகும் கூரை, உடைந்த கரும்பலகை, பாதிப் பிள்ளைகள் வராத வகுப்பு ஆகியவற்றை அவர் அறிக்கைகளில் மட்டும் படித்தவரல்லர், கண்ணாலேயே கண்டவர்.

1954இல் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி கொண்டுவருவது முதல் வேலையாயிற்று. 500 பேர் வாழும் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி வேண்டும் என்று திட்டமிட்டனர். ஆனால் பள்ளியைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? ஏழைக் குடும்பத்தில் ஏழு வயதுப் பெண் என்றால் அவள் தம்பியைப் பார்த்துக்கொள்பவள். சுள்ளி பொறுக்கி வருபவள். பையன் என்றால் ஆடு மாடு மேய்ப்பவன். அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போனால் வீட்டுக்கு ஒரு கை குறையும். நண்பகலில் அதற்குச் சோறு போடவும் தாயால் இயலாது. ஆகவே குழந்தையை அழைக்கும் பள்ளி, அந்தக் குடும்பத்தின் சுமையிலும் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சுந்தரவடிவேலு செய்த பணிகள் யாவற்றுக்கும் இதுவே வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாடு மேய்த்த சிறுவனிடம் காமராசர் பேசிய கதையை நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் பேச்சுப் போட்டியில் கேட்டிருப்பீர்கள். அதை இங்கே மீண்டும் சொல்லப் போவதில்லை. அந்த எண்ணம் எப்படிச் சோறாக மாறியது என்பதே அதிகம் பேசப்படாத செய்தி. 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். முதலில் இது ஊர் மக்கள் தாமே அரிசியும் பருப்பும் விறகும் தந்து நடத்திய தருமமாகவே இருந்தது. 1957 நவம்பரிலிருந்து அரசு மானியம் கிடைத்தது. ஒரு குழந்தையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசை அரசு கொடுக்கும். மீதி நான்கு காசை ஊர் கொடுக்கவேண்டும். இன்று பத்துக் காசு நாணயத்தைக் காண்பதே அரிது. அன்று அந்த நான்கு காசுக்காக ஊர்தோறும் குழு அமைத்து, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்று நெல் திரட்டினார்கள். 1961இல் 'கேர்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவியும் வந்து சேர்ந்தது.

அடுத்தது நம் பக்கத்துச் செய்தி. 1958இல் முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அது வெகு தூரமில்லை. முறை மிகவும் எளியது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியரும் ஊராரும் உட்கார்ந்து, என்னென்ன இல்லை என்று பட்டியல் எழுதுவார்கள். கரும்பலகை, கடிகாரம், பெஞ்சு, குடிநீர்ப் பானை, சுற்றுச்சுவர், வகுப்பறை என்று அது நீளும். பிறகு யாரால் எது முடியுமோ அதை அவர் ஏற்றுக்கொள்வார். வசதியுள்ளவர் நிலம் கொடுப்பார். இல்லாதவர் சுவர் எழுப்ப உடலுழைப்புத் தருவார். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டுவந்த சிறுவனை நம் வேதாகம வகுப்பில் அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. காமராசர் ஆட்சி முடிவதற்குள் மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடந்தன.

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நஞ்சை நிறைந்த ஊர் கொடுப்பதும், மானாவாரி ஊர் கொடுப்பதும் ஒன்றாகா. ஆசிரியர் பாடம் நடத்துவதை விட்டு வீடுவீடாகப் போவது சரியா என்றும் கேட்கலாம். ஆனாலும் தன் கையால் கட்டிய சுவரை ஊர் இடியவிடாது. அரசுப் பள்ளி என்பது யாருக்கும் சொந்தமில்லாத கட்டடம் என்ற எண்ணத்தை அம்மாநாடுகள் மாற்றின.

சீருடையும் இந்த வழியிலேதான் எளிய பிள்ளைகளிடம் சேர்ந்தது. திங்கட்கிழமை காலையில் சீருடையை இஸ்திரி போடச் சலித்துக்கொள்ளும் தங்கையரே, கிழிந்த பாவாடையோடு வகுப்புக்கு வர வெட்கப்பட்டு வீட்டிலேயே நின்றுவிட்ட பெண்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். எல்லாரும் ஒரே உடையில் வந்தபோது, எவள் வீட்டில் பட்டு, எவள் வீட்டில் கந்தல் என்று தெரியாமற்போயிற்று. கல்விக் கட்டணமும் படிப்படியாக நீங்கியது. 1960 அளவில், ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்குட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை என்றாயிற்று. சில ஆண்டுகளில் பள்ளிப் படிப்பு முழுவதும் எல்லாருக்கும் இலவசமாயிற்று.

ஆசிரியர் குடும்பங்களையும் அவர் காலத்துக் கல்வித்துறை மறக்கவில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் நாற்பது ஆண்டு சுண்ணாம்புக் கட்டி பிடித்த ஆசிரியர், ஓய்வு பெற்ற மறுநாளே வருமானமின்றி நின்ற காலம் அது. 1955இல் ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி மூன்றையும் சேர்த்துத் தரும் முப்பயன் திட்டம் வந்தது. துறவற சபைகள் நடத்திய பள்ளிகளில் உழைத்த ஆசிரியைகள் பலருக்கு முதுமையில் சோறு போட்டது இத்திட்டமே.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். சுந்தரவடிவேலு பெரியாரின் கொள்கையில் ஊறியவர். அவர் காந்தம் அம்மையாரை மணந்தது சுயமரியாதைத் திருமணம். நாம் நம்பும் இறைவனை அவர் நம்பவில்லை. ஆயினும் பசித்த குழந்தைக்கு உணவும் ஆடையும் தேடியவரை நம் மலரில் போற்றுவதற்கு அது தடையன்று என்று கருதுகிறேன். தலைமைச் சகோதரியும் அவ்வாறே கருதியதால்தான் இக்கட்டுரை அச்சேறுகிறது.

மதிய உணவு 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கிற்று. ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலை 15 அன்று அது வந்தபோது, தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. கடம்பத்தூருக்கு அது பக்கத்து ஊர்தான். விடியற்காலை ஷிப்டுக்குப் புறப்படும் தாய்மார் நிறைந்த நம் பகுதியில் அந்தக் காலை உணவின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

1961இல் சுந்தரவடிவேலுவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் மறைந்தார். தம் வாழ்க்கை வரலாற்றை 'நினைவு அலைகள்' என்னும் பெயரில் எழுதிவைத்துள்ளார். அது பல பாகங்கள் கொண்ட பெரிய நூல். கோடை விடுமுறையில் படிக்க விரும்புவோர் நெய்யாடுபாக்கத்து இளமை நாள்களைக் கூறும் பகுதியிலிருந்து தொடங்கலாம்.