சவுக்கடி, சாணிப்பாலுக்கு முடிவு கட்டிய பி.சீனிவாசராவ்: யார் இவர்?

கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் போராட்டம் என்றாலே முதலில் வரும் பெயர் பி.சீனிவாசராவ். இத்தனைக்கும் அவர் தாய்மொழி தமிழ் இல்லை, கன்னடம்.

தஞ்சைக்கு எப்படி வந்தார்?

1907-ல் இன்றைய கர்நாடகத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பை விட்டுவிட்டு விடுதலைப் போராட்டத்தில் குதித்தார். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலில் கைதானார். சிறையில் அமீர் ஹைதர் கானைச் சந்தித்தது அவரை கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. கட்சி அவரை 1943-ல் தஞ்சைக்கு அனுப்பியது.

அங்கே என்ன நிலைமை?

நிலம் மிராசுதார்கள், மடங்கள், கோயில்கள் கையில். உழைத்தது பண்ணையாட்கள்; பெரும்பாலும் தலித் மக்கள். விடியும் முன்பே வயலில் இறங்கி, இருட்டிய பிறகுதான் வீடு திரும்ப முடியும். கூலி கொஞ்சம் நெல், அவ்வளவுதான். தாமதமாக வந்தால், எதிர்த்துப் பேசினால் சவுக்கடி. அதோடு விடமாட்டார்கள், சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். அதற்குப் பெயர்தான் சாணிப்பால்.

என்ன செய்தார்?

சேரிகளிலேயே தங்கினார், அங்கேயே சாப்பிட்டார். தென்பரையில் தொடங்கி ஊர் ஊராக சங்கம் வளர்ந்தது. களப்பால் குப்பு போன்ற உள்ளூர்த் தலைவர்கள் தோள் கொடுத்தார்கள். கூலி உயர்வு மட்டும் கோரிக்கை இல்லை. எங்களை மனுஷனா நடத்து என்பதும்தான். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில், சவுக்கடியையும் சாணிப்பாலையும் கைவிட மிராசுதார்கள் தரப்பு ஒப்புக்கொண்டது.

சட்டம் வந்ததா?

வந்தது. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சை மாவட்டத்துக்கென சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்க முடியாது, கூலிக்கும் வரையறை உண்டு. ஆனால் ஒரே கிராமத்தில் 6⅔ ஏக்கருக்கு மேல், அதாவது ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். சட்டத்துக்குப் பிறகு பல மிராசுதார்கள் பண்ணையாள் வைப்பதையே குறைத்து, தினக்கூலிக்கு மாறினார்கள். அடிமைத்தனம் போனது, கூடவே நிரந்தர வேலையும் போனது.

பிறகு?

நில உச்சவரம்புக்கான போராட்டம் சூடாக இருந்த 1961 செப்டம்பர் 30-ல் சீனிவாசராவ் இறந்தார். ஆனால் கூலிப் பிரச்சினை ஓயவில்லை. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகே, 1969-ல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இன்று டெல்டா வயலில் கூலியைப் பேரம் பேசிவிட்டு நடவுக்கு இறங்க முடிகிறது என்றால், அந்த உரிமை சும்மா வந்ததில்லை.