டாக்டர் மைக்கேல் டில்லன்

வள்ளூரினின்று கிழக்கே எண்ணூர்த் துறைமுகத்தை நோக்குவோர், நிலக்கரி கொணரும் கப்பல்களைக் காண்பர். அத்தகைய சரக்குக் கப்பல்களில் வைத்தியராய்ப் பணிபுரிந்து, ஈற்றில் நம் பாரத நாட்டிலேயே உயிர் நீத்த ஓர் ஆங்கிலேயரின் சரிதையை ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

மைக்கேல் டில்லன் 1915-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். பதிவேட்டில் பெண்மகவென்றே எழுதினர். சின்னாட்களில் தாயை இழந்து, அத்தைமாரிடம் வளர்ந்தார். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் மாதர் படகோட்டும் சங்கத்திற்குத் தலைமை பூண்டார். ஆயினும், தாம் பெண்ணல்லர் என்னும் உணர்வு அவரை விட்டு அகலவில்லை. 'அவர்' என்னும் தமிழ்ச் சொல் இருபாலார்க்கும் பொதுவாய் நின்று நம் எழுதுகோலுக்குத் துணை செய்கின்றது. அவர் தாய்மொழியோ அவருக்கு அத்துணை செய்ததில்லை.

1939-ல் ஜார்ஜ் பாஸ் என்னும் வைத்தியரை அணுகினார். ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனைப் பிறிதொரு நோய்க்கு அளித்துச் சோதித்து வந்தவர் அவர். மருந்து தருமுன், மனநோய் வைத்தியர் ஒருவரைக் கண்டு வருமாறு பணித்தார். டில்லனும் இசைந்து, தம் உள்ளத்தை அம்மனநோய் வைத்தியரிடம் திறந்துரைத்தார். அம்மனிதரோ அதனைப் பிறரிடம் கதையாகச் சொல்லிவிட்டார்! டில்லன் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் முழுதும் செய்தி பரவிற்று. நோயாளி வைத்தியரிடம் உரைப்பது அடைக்கலப் பொருளாகும். அதனை ஊரறியத் தூற்றியதற்கு நாம் மன்னிப்புக் காண்கிலோம். டில்லன் அவ்வேலையைத் துறந்து, பிரிஸ்டல் நகரில் மோட்டார்ப் பட்டறை ஒன்றில் அமர்ந்தார். மாத்திரைகளால் மேனி மாறிற்று. 1944-ல் பிறப்புப் பதிவும் ஆணென்று திருத்தப் பெற்றது.

எல்லா வைத்தியரும் அத்தகையரல்லர். 1946 முதல் 1949 வரை பதின்மூன்று முறைக்குக் குறையாமல் ரண சிகிச்சை செய்த சர் ஹரால்டு கில்லீஸ், ஆஸ்பத்திரி ஏடுகளில் பிறவிக் குறை ஒன்றின் பெயரை எழுதி வைத்து இரகசியத்தைக் காத்தார். 1946-லேயே டில்லன் ஒரு நூல் வெளியிட்டார். இத்தகையோரின் மனத்தை மாற்ற முயல்வது வீண், உடலையே மனத்திற்கு இசைவிக்க வேண்டும் என்பது அதன் துணிபு. நம் சென்னை உயர்நீதிமன்றத்திலும் 2021 ஜூன் 7-ஆம் நாள், நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், தாமே ஓர் உளவியலறிஞரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னர், பாலுணர்வையும் பாலடையாளத்தையும் மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார்.

டில்லன் டப்ளின் டிரினிடி கல்லூரியில் 1951-ல் வைத்தியப் பட்டம் பெற்று, மறு ஆண்டு கப்பலேறினார். பிரபுக்களின் வமிசாவளி ஏடுகள் இரண்டு அவரைப் பற்றி முரண்பட்டிருந்தமையைப் பத்திரிகைக்காரர் கண்டுபிடித்தனர். 1958-ல் பால்டிமோர் துறையில் கப்பல் நிற்கையில் செய்தி வெளியாயிற்று. அவர் இந்தியா போந்து, பௌத்த நெறி தழுவி, புத்தர்பிரானின் வைத்தியர் பெயராகிய ஜீவகர் என்பதைத் தமக்குப் பெயராகக் கொண்டார். இங்கும் நம்பி உரைத்த செய்தி வெளிப்பட, விநய விதிகளைக் காட்டி அவருக்கு முழுத்துறவை மறுத்தனர். 1960-ல் லடாக்கின் ரிஜோங் மடாலயத்தில் இளந்துறவியாய் வாழ்ந்தார்.

1962 மே 15-ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில், டல்ஹவுசி மலையூரில் காலமானார். சின்னாள் முன்னர்தான் தம் வரலாற்றைத் தாமே எழுதி லண்டனுக்கு அனுப்பியிருந்தார். தமையனார் அதனை எரித்துவிட விழைந்தார். தப்பிப் பிழைத்த அக்கையெழுத்துப் பிரதி 2016-ல் அச்சேறியது.