கொங்கு போற்றும் பவணந்தி முனிவர்

செய்யுளைப் பயிலத் தொடங்கும் மாணவர்க்கு முதலில் வேண்டுவன சில இலக்கணச் சொற்கள். அவற்றுள் பலவற்றை எளிதில் மனங்கொள்ளுமாறு வகுத்தளித்தவர் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர். அவரை நம் கொங்கு நாட்டவராகவே கொங்கு மண்டல சதகம் கொண்டாடுகிறது.

அவர் சமணத் துறவி. சன்மதி முனிவரின் அருள்பெற்றவர். மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178-1218) காலத்தில் விளங்கிய சிற்றரசன் சீயகங்கன் வேண்ட, நன்னூலை இயற்றினார். அவரது ஊராகிய சனகாபுரம், பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்பது கொங்கு வழக்கு. அதனை மறுப்பாரும் உளர். விஜயமங்கலத்துச் சமணக் கோயிலோடும் அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது.

பஞ்சாலைகளால் வளர்ந்த சிங்காநல்லூரில் வாழும் நமக்கு நன்னூற் பாயிரத்தில் ஓர் உவமை தனி இன்பம் தரும். சொல்லே பஞ்சு, புலவனே நூற்பவள், வாயே கை, அறிவே கதிர். இவ்வாறு திரிப்பதே நூல் என்கிறது அது. மாணாக்கரை அன்னம் முதல் ஓட்டைக்குடம் வரை வகைப்படுத்துவதும் அங்கேதான். நம் வகுப்பில் ஓட்டைக்குடம் யாரென்று கேட்க வேண்டா!

செய்யுள் என்றால் என்ன? பல தாதுக்களால் ஆகிய உடல் உயிர்க்கு இடமாவது போல, பல சொற்களால் ஆகிப் பொருளுக்கு இடமாவது செய்யுள் என்றார் பவணந்தியார். அப்பொருளைக் கண்டடையும் வழியே பொருள்கோள். தொல்காப்பியம் நான்காகக் கூறியதை நன்னூல் எட்டாக விரித்தது. நொய்யல் போல் முன்னோக்கியே செல்வது ஆற்றுநீர். குயிலும் மயிலும் கூவின, ஆடின என்று பெயர்களையும் வினைகளையும் தனித்தனி வரிசையாக வைத்து, முறையே கூட்டிக்கொள்வது நிரனிறை. வில்லின் இரு முனையும் நாணால் இணைவது போல, முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் இயைவது விற்பூட்டு. ஊஞ்சல் இருபுறமும் செல்வது போல, இடையில் நிற்கும் சொல் முன்னும் பின்னும் சென்று பொருள் தருவது தாப்பிசை. பழம்பாடல் விளங்கவில்லை என்று நம் மாணவர் ஏட்டை மூடுவது பெரும்பாலும் சொற்பொருள் அறியாமையால் அன்று. எச்சொல்லை எதனோடு கூட்டுவது என்று அறியாமையாலேயே.

சீயகங்கன் வேண்டியது ஐந்திலக்கணமும். நமக்குக் கிடைத்தவையோ எழுத்தும் சொல்லுமே; பாயிரம் உட்பட 462 நூற்பாக்கள். ஆதலின் யாப்புக்குக் காரிகையையும், அணிக்குத் தண்டியலங்காரத்தையும் நாம் நாடுகிறோம். பொருள்கோளுக்கோ நன்னூற் சொல்லதிகாரத்தின் பொதுவியலைப் புரட்டினால் போதும்.